எட்டாவது நிமிடம்

பொறியியல் பீடம், பெண்கள் விடுதி
03.02.2025

அன்புள்ள இமெல்டா,

வாட்ஸப்பில் நீ என்னைத் தடுத்து வைத்து இன்றோடு இருபத்திரண்டு நாள். அழைத்தால் மணி ஒரு தடவை அடித்து நின்றுபோகிறது. தபால்காரரைத் தடுக்க உன்னால் முடியாது என்பதால் இந்தக் கடிதம். கிழிப்பதென்றால் வாசித்துவிட்டுக் கிழி.

ஜனவரி பன்னிரண்டாம் திகதி உங்கள் மீனவர் சங்க மண்டபத்தில் நான் வாசித்த அறிக்கை முப்பத்தாறு பக்கம். மண்ணெண்ணெயில் ஓடும் படகு என்ஜின்களின் ஸ்பார்க் பிளக்குகள் ஏன் இத்தனை சீக்கிரம் கரி பிடித்துச் செத்துப்போகின்றன என்று ஒன்றரை வருடமாக நானும் நீயும் பன்னிரண்டு படகுகளில் பதிவுக் கருவி பூட்டிப் பார்த்தோம். அந்த முப்பத்தாறு பக்கத்தில் நீ பிடித்துக்கொண்டது ஒரே ஒரு வசனம்: “மிகச் சாத்தியமான காரணம், உள்ளூர்த் திருத்துநர் மண்ணெண்ணெயில் என்ஜின் ஒயிலை அளவு தவறிக் கலப்பதே.”

உன் பெயரை நான் எழுதவில்லை. இலக்கங்கள் சொன்னதை எழுதினேன். நாம் கோபித்துக்கொண்டால் இலக்கம் மாறிவிடாது.

சங்கத்தோடு பேசியபடி ஆய்வு மே மாதம் வரைக்கும் நடக்க வேண்டும். கருவிகள் இன்னும் படகுகளில்தான் இருக்கின்றன. மெமரி காட்டுகளைக் கழற்றி மாற்ற உன்னைத் தவிர அங்கே யாருக்கும் தெரியாது. என்னோடு பேச வேண்டாம். காட்டுகளை மட்டும் அனுப்பு.

அன்புடன்,
ஜெஸ்லியா


முள்ளிப்பாடு, மன்னார் தீவு
14.02.2025

ஜெஸ்லியா,

அன்புள்ள என்று போடக் கை வரவில்லை. அதனால் போடவில்லை.

பெயர் எழுதவில்லையாம். முள்ளிப்பாட்டில் எத்தனை என்ஜின் திருத்துநர் இருக்கிறார்கள் என்று உனக்குத் தெரியாதா? கோழி திருடியவர் யார் என்று சொல்லமாட்டேன், ஆனால் தலையில் இறகு இருக்கிறது என்று சொல்கிற கதை இது. நீ மைக்கைப் பிடித்து அந்த வசனத்தை வாசித்தபோது மண்டபத்தில் நூற்றிருபது பேர் இருந்தார்கள். நூற்றிருபது பேரும் திரும்பி என்னைத்தான் பார்த்தார்கள்.

பெண்ணொருத்தி என்ஜின் கழற்றுகிறாள் என்று ஆறு வருடம் இந்தக் கரை சிரித்தது. ஏழாவது வருடம் சிரிப்பு நின்றது. எட்டாவது வருடம் நீ வந்தாய்.

நீக்கிலாஸ் சம்மாட்டியின் படகு மார்கழியில் பிளக் செத்து அரை நாள் நடுக்கடலில் மிதந்தது உனக்குத் தெரியும். அப்போது அவர் கடலைத் திட்டினார், மண்ணெண்ணெயைத் திட்டினார், அரசாங்கத்தைத் திட்டினார். இப்போது “இமெல்டாவின்ரை கலவை” என்கிறார். கரையின் பெரிய படகு முதலாளி, அவர் சொன்னால் கரை சொன்ன மாதிரி. போன மாதம் என் கொட்டிலில் பத்தொன்பது என்ஜின் வேலைக்கு நின்றது. இன்றைக்கு நாலு. அந்த நாலும் என் தம்பி றெக்சனும் அவன் கூட்டாளிகளும் கொண்டுவந்தவை.

ஏப்ரல் இருபத்தேழு ஞாயிறு, பூசை முடிந்த பிறகு சங்கக் கூட்டம். எண்ணெய் கலக்கிற வேலையையும் திருத்த வேலையையும் என்னிடமிருந்து எடுத்து மன்னார் ரவுணில் ஒரு கராஜுக்குக் கொடுப்பதா என்று அன்றைக்கு முடிவெடுப்பார்கள். எடுத்தால் கொட்டிலைப் பூட்டிவிட்டு நான் ஏதாவது புடவைக்கடையில் போய்ச் சேலை மடிக்க வேண்டியதுதான்.

உயர்தரத்தில் ஒரே மேசையில்தானே பரிசோதனை செய்தோம்? நான் செய்வேன், நீ எழுதுவாய். பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி உன்னைக் கம்பசுக்கு அனுப்பியது, என்னைக் கொட்டிலுக்கு அனுப்பியது. அதில் எனக்குக் கவலை இல்லை, என் வேலை எனக்குப் பிடித்த வேலை. ஆனால் இப்போதும் நான்தான் செய்கிறேன், நீதான் எழுதுகிறாய். எழுதுகிறவள் பார்த்து எழுத வேண்டாமா?

காட்டுகள் பன்னிரண்டும் இதோடு இருக்கின்றன. உனக்காக அனுப்பவில்லை. அனுப்புவேன் என்று முதலில் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

இமெல்டா


பொறியியல் பீடம்
20.02.2025

அன்புள்ள இமெல்டா,

நீ அன்பைப் போடாவிட்டால் நானும் போடாமல் விடுவேன் என்று நினைக்காதே.

பார்த்து எழுதவில்லை என்கிறாய். நான் எப்படிப் பார்த்தேன் என்று கேள். உங்கள் கரையில் ஓடுகிற அதே என்ஜினை இங்கே சோதனை மேடையில் பூட்டினேன். உங்கள் கரையிலிருந்து கொண்டுவந்த அதே மண்ணெண்ணெய். படகுகளின் பதிவில் என்ஜின் எந்த நிமிடம் எந்த வேகத்தில் ஓடியதோ, அதையே மேடையிலும் ஓட்டினேன். ஒயில் சரியான அளவு. நாற்பது மணித்தியாலம் ஓடியும் பிளக் சுத்தமாக இருந்தது. பிறகு ஒயிலை இரட்டிப்பாக்கினேன். பன்னிரண்டு மணித்தியாலத்தில் பிளக் உங்கள் படகுப் பிளக்குகளைப் போலவே கறுத்தது. இதைக் கண்ணால் கண்ட பிறகு நான் வேறு என்னத்தை எழுதுவது? தோழி என்பதற்காக விட்டுவிட்டால் அது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். மண்டபத்தில் வாசிப்பதற்கு முன் உன்னிடம் காட்டியிருக்க வேண்டும். காட்டினால் சண்டை வரும் என்று பயந்தேன். காட்டாததால் இன்னும் பெரிய சண்டை வந்தது.

அந்த வசனம் என் ஆய்வேட்டிலும் இருக்கிறது. ஜனவரி முப்பதாம் திகதி அதைப் பீடத்தில் ஒப்படைத்துவிட்டேன். இருந்தாலும் நான் மறுபடி பார்க்கத் தயார். பன்னிரண்டு படகுகளிலிருந்தும் இப்போது பூட்டியிருக்கிற பிளக்குகளைக் கழற்றி, எது எந்தப் படகு என்று எழுதி அனுப்புவாயா? என் பிழை என்றால் பிளக்குகள் சொல்லட்டும்.

ஜெஸ்லியா


முள்ளிப்பாடு
14.03.2025

ஜெஸ்லியா,

பிளக்குகளை பிஸ்கற் ரின்னில் போட்டு அனுப்புகிறேன். ஒவ்வொன்றிலும் காகிதத் துண்டு ஒட்டிப் படகுக்காரர் பெயர் எழுதியிருக்கிறேன். பிந்தியதற்குக் காரணம், நீக்கிலாஸ் சம்மாட்டி தன் என்ஜினில் என்னைக் கை வைக்க விடவில்லை. றெக்சன் போய் இரண்டு கிழமை கெஞ்சித்தான் கழற்றினான். தபாற்கந்தோரிலும் ஒரு மணித்தியாலம் போனது. வாசலில் ஒரு கழுதை படுத்துக்கொண்டு எழும்பமாட்டேன் என்றது, அதை எழுப்ப யாரும் தயாரில்லை.

இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேள். பன்னிரண்டில் பதினொன்று கறுப்பு. ஈரமான கறுப்பு, விரலால் தொட்டால் ஒட்டும். ஒன்று மட்டும் நல்ல மண்ணிறம், புதுப் பிளக் இரண்டு கிழமை ஓடினால் எப்படி இருக்குமோ அப்படி. அது ஆறு கிழமை ஓடின பிளக். நிப்ராஸின் படகு.

நிப்ராஸ் உங்கள் ஊர்ப் பக்கம், முசலிப் பொடியன்தான். போன வருடம் இங்கே கரையில் வாடி போட்டுத் தங்கித் தொழில் செய்ய வந்தவன். அதே வகை என்ஜின், அதே குதிரைவலு. எண்ணெய் யாரிடம் வாங்குகிறான் தெரியுமா? என்னிடம். அதே பீப்பாய், அதே அளவுக்கோப்பை, அதே கை. நீ சொன்ன வசனம் உண்மையென்றால் அவன் பிளக்கும் கறுத்திருக்க வேண்டும். என் கை அவனுக்கு மட்டும் அளவாகவும் மற்றவர்களுக்கு அளவு தவறியும் கலக்குமா?

ஆடத் தெரியாதவள் முற்றம் கோணல் என்றாளாம். உன் மேடையைப் போய்ப் பார்.

எனக்கும் விளங்காத ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பதினொரு என்ஜினும் என் கொட்டிலில் தண்ணீர்ப் பீப்பாய்க்குள் வைத்து ஓட்டிப் பார்த்தால் பாட்டுப் பாடுகின்றன. கடலுக்குப் போய்த்தான் கறுக்கின்றன. கடலில் என்ன செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் ஒருநாளும் படகில் ஏறினவள் இல்லை. பெண் ஏறினால் மீன் படாது என்று சொல்கிற கரை இது.

புதிய காட்டுகளும் உள்ளே இருக்கின்றன.

இமெல்டா


பொறியியல் பீடம்
21.03.2025

அன்புள்ள இமெல்டா,

பிஸ்கற் ரின்னைத் திறந்து நிப்ராஸின் பிளக்கைக் கையில் எடுத்ததும் பழைய பதிவுகளைத் திறந்துகொண்டு இருந்துவிட்டேன். நோன்பு திறக்கும் நேரம் தாண்டியதுகூடத் தெரியவில்லை.

உன்னிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் நேராகவே சொல்கிறேன். படகுகளின் பதிவை மேடைக்குக் கொண்டுவருவதற்கு முன் நான் அதைச் சுத்தம் செய்தேன். எல்லோரும் செய்வதுதான். கருவி சில வேளை விக்கும், இல்லாத இலக்கம் காட்டும், அவற்றை எடுத்துவிட வேண்டும். உங்கள் பதிவுகளில் என்ஜின் புறப்பட்ட எட்டாவது நிமிடத்தில் வேகம் திடீரென்று விழுந்து, மூன்று நிமிடம் ஆகக் குறைந்த நிலையில் கிடந்து, பிறகு ஏறும். ஒவ்வொரு நாளும், ஒரே நேரத்தில். நடுக்கடலை நோக்கி அவசரமாகப் போகிற படகு எட்டாவது நிமிடத்தில் ஏன் நிற்கப்போகிறது? கருவியின் கோளாறு என்று முடிவுகட்டி, அந்தப் பள்ளங்களை எல்லாம் நிரப்பி மட்டமாக்கிவிட்டேன். பிறகு அந்த மட்டமான ஓட்டத்தைத்தான் மேடையில் ஓட்டினேன்.

பூசணிக்காயைப் பற்றி உனக்குப் பாடம் எடுத்தவள் நான். சோற்றைக் கிளறிப் பார்த்தால் அதை மறைத்தது என் கை.

நேற்று முழுவதும் பழைய பதிவுகளை, சுத்தம் செய்யாத பதிவுகளை, ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பதினொரு படகுகளில் பள்ளம் இருக்கிறது. நிப்ராஸின் படகில் இல்லை. ஒருநாள்கூட இல்லை.

படகு எங்கே போகிறது என்று பதிய வேண்டாம் என்று நாம்தான் ஆரம்பத்தில் சங்கத்துக்கு வாக்குக் கொடுத்தோம். மீன் படுகிற இடத்தை யாரும் வெளியில் சொல்லமாட்டார்கள். அதனால் எட்டாவது நிமிடத்தில் படகு எந்த இடத்தில் நின்றது என்று எனக்குத் தெரிய வழியில்லை. இன்னொரு விசித்திரம். நீ கடைசியாக அனுப்பிய காட்டுகளில், மார்ச் ஐந்தாம் திகதியிலிருந்து, அந்த மூன்று நிமிடம் ஐந்து நிமிடமாக நீண்டிருக்கிறது. பதினொரு படகிலும் ஒரே நாளில்.

எட்டாவது நிமிடத்தில் உங்கள் ஆட்கள் என்ன செய்கிறார்கள், இமெல்டா? மார்ச் ஐந்துக்கு என்ன நடந்தது?

ஜெஸ்லியா


முள்ளிப்பாடு
28.03.2025

ஜெஸ்லியா,

மார்ச் ஐந்து விபூதிப் புதன், மக்கு. தவக்காலம் தொடங்கிய நாள்.

உன் கடிதத்தை வாசித்துவிட்டுக் கொட்டிலில் தனியாக இருந்து சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை. பதில் என் மூக்குக்கு முன்னால் இருந்திருக்கிறது. அந்தப் பதினொரு பேரும் எங்கள் கோயில்காரர், கத்தோலிக்கர். கரையிலிருந்து ஏறக்குறைய எட்டு நிமிடத் தூரத்தில் மணற்றிட்டியில் அந்தோனியார் சிலுவை நிற்கிறது. அதைக் கடக்கிறபோது என்ஜினைத் தணித்து, தொப்பியைக் கழற்றி, ஒரு பரலோக மந்திரமும் மூன்று அருள் நிறைந்த மந்திரமும் சொல்லிவிட்டுத்தான் எல்லாப் படகும் போகும். சத்தம் போட்டுக்கொண்டு அவரைக் கடந்து போகக்கூடாது என்பது இந்தக் கரையின் வழக்கம். தவக்காலத்தில் பாடுகளின் செபமும் சேரும், அதுதான் உன் ஐந்து நிமிடம். நிப்ராஸ் கரையிலேயே பிஸ்மி சொல்லிவிட்டு ஏறுகிறவன். அவனுக்கு நிற்க வேண்டிய தேவை இல்லை.

நம்ப வேண்டும் என்று நானே போய்ப் பார்த்தேன். செவ்வாய் பின்னேரம் றெக்சனின் படகில் ஏறினேன். கரையில் நின்றவர்கள் வாயைத் திறந்தபடி பார்த்தார்கள், நான் திரும்பிப் பார்க்கவில்லை. கரையில் பெற்றோலில் என்ஜினைப் பற்றவைத்தான். மூன்றாவது நிமிடம் திருகைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றினான். பெற்றோலை மிச்சம் பிடிக்க எல்லோரும் சீக்கிரமாகவே மாற்றுகிறார்கள். எட்டாவது நிமிடம் அந்தோனியார். என்ஜின் இன்னும் ஒழுங்காகச் சூடேறவில்லை, அதற்குள் தணித்துவிட்டார்கள். புகையின் நிறம் மாறுவதைக் கண்ணால் பார்த்தேன். வெள்ளைப் புகை, எரியாத மண்ணெண்ணெய் மணம். குளிர்ந்த என்ஜினுக்குள் மண்ணெண்ணெய் எரியாமல் பிளக்கில் போய்ப் படிகிறது. உனக்கு இதற்குமேல் நான் சொல்லத் தேவையில்லை.

இப்போது எனக்குப் பயம். எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் பயம்தான். முக்காடு போட்ட ஒரு பிள்ளை எங்கள் சங்க மண்டபத்தில் எழும்பி நின்று, உங்கள் செபத்தால்தான் என்ஜின் பழுதாகிறது என்று சொன்னால் என்ன நடக்கும்? அதற்குப் பின்னால் இமெல்டா இருக்கிறாள் என்று தெரிந்தால் என்ன நடக்கும்? என் கலவை கெட்டது என்றபோது என்ஜினைத்தான் வேறு இடத்துக்குக் கொண்டுபோனார்கள். இதற்கு என் வீட்டு வாசலையே மிதிக்கமாட்டார்கள்.

கருவி பிழை, இமெல்டாவின் கலவையில் குற்றமில்லை என்று மட்டும் ஒரு துண்டு எழுதி அனுப்பு. அது போதும் எனக்கு.

இமெல்டா


பொறியியல் பீடம்
07.04.2025

அன்புள்ள இமெல்டா,

பெருநாளுக்கு நான் மறிச்சுக்கட்டிக்கு, வீட்டுக்குப் போகவில்லை. வாப்பாவுக்குப் பொய் சொல்லாமல், ஒரு என்ஜினோடு பெருநாள் கொண்டாடப் போகிறேன் என்று சொன்னேன். மனுசன் சிரித்துவிட்டு பஸ்ஸில் வட்டிலாப்பம் கொடுத்தனுப்பினார்.

நீ படகில் பார்த்ததை மேடையில் செய்தேன். மூன்றாவது நிமிடம் மண்ணெண்ணெய், எட்டாவது நிமிடம் தணிப்பு, மூன்று நிமிடம், பிறகு வேகம். ஒயில் உன் அளவுதான், ஒரு துளி கூட்டவில்லை. பதினோராவது ஓட்டத்தில் பிளக் செத்தது. கழற்றினால் நீ அனுப்பிய பதினொன்றுக்கும் கூடப்பிறந்தது போல இருந்தது. அடுத்ததாகத் தணிப்பு முடிந்து என்ஜின் மறுபடி வேகமெடுக்கும் வரை பெற்றோலிலேயே ஓடவிட்டு, அதற்குப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினேன். அறுபது ஓட்டம். பிளக் நிப்ராஸின் நிறத்தில் இருக்கிறது.

ஆகவே உன் கை தவறவில்லை. தவறியது என் கை. இதை எழுதும்போது எனக்கு அழுகை வந்தது என்பதையும் எழுதிவைக்கிறேன்.

நீ கேட்ட துண்டை நான் எழுதமாட்டேன். கோபப்படாதே, காரணத்தைக் கேள். கருவி பிழை என்று மட்டும் சொன்னால் உன் பெயர் ஒரு மாதத்துக்குத் திரும்பி வரும். பிளக்குகளோ தொடர்ந்து கறுக்கும். ஆவணியில் இன்னொரு படகு நடுக்கடலில் நிற்கும். அன்றைக்கு அவர்கள் மறுபடி உன் பீப்பாயைத்தான் பார்ப்பார்கள். உன் பெயரைக் காப்பாற்ற ஒரே வழி, உண்மையை முழுதாகச் சொல்வதுதான்.

என் பேராசிரியரிடம் காட்டினேன். ஆய்வேட்டை அப்படியே விடு, பின்னால் ஒரு கட்டுரையில் திருத்தலாம், மே மாதம் விரிவுரையாளர் பதவிக்கு நேர்முகம் வருகிறது, அதற்கு ஆய்வுப் பட்டம் கையில் இருக்க வேண்டும் என்றார். நல்ல மனுசர், என் நன்மைக்குத்தான் சொன்னார். ஆனால் அந்த வசனத்தோடு பட்டத்தை வாங்கிக்கொண்டு மாணவர்களுக்கு முன்னால் நின்று இலக்கங்களைச் சுத்தம் செய்வது எப்படி என்று நான் என்ன வாயால் படிப்பிப்பது? நேற்று ஆய்வேட்டைத் திருப்பி எடுத்துவிட்டேன்.

ஒன்றில் மட்டும் எனக்குத் தயக்கம். நான் நேரே வருவது உனக்குக் கெடுதலாகுமா? சங்கத் தலைவருக்கு எல்லாவற்றையும் விளக்கிப் பதிவுத் தபாலில் எழுதட்டுமா? நீ சொல்கிறபடி செய்கிறேன்.

ஜெஸ்லியா


முள்ளிப்பாடு
14.04.2025

ஜெஸ்லியா,

நீ துண்டு எழுதமாட்டேன் என்றது எனக்கு இரண்டு நாள் கோபம். மூன்றாம் நாள் நீ சொன்னது சரி என்று பட்டது. நீ சரியாக இருப்பதைவிட எரிச்சலான விசயம் உலகத்தில் இல்லை.

தபால் வேண்டாம். என் பெயர் தபாலிலா போனது? மைக்கில் போனது. மைக்கிலேதான் திரும்பி வர வேண்டும்.

இருபத்தேழாம் திகதி காலை ஒன்பது மணிக்குப் பூசை முடியும். அதற்கு முன்னம் வந்து வெளியே நில். உன்னோடு நான் நிற்பேன் என்று வாக்குத் தரமாட்டேன். அன்றைக்கு எனக்கு என்ன தைரியம் இருக்குமோ தெரியாது.

இமெல்டா


பொறியியல் பீடம்
05.05.2025

அன்புள்ள இமெல்டா,

அன்று கூட்டம் முடிவதற்கு முன்பே நான் பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டியதாயிற்று. சொல்ல வேண்டியதை அங்கே சொல்லாமல் வந்துவிட்டேன். இங்கே சொல்கிறேன்.

நான் பேசிய முதற்பகுதி எனக்குச் சுலபமாக இருந்தது. “ஜனவரியிலை நான் இந்த மைக்கிலை சொன்னது பிழை. இமெல்டாவின்ரை கலவையிலை ஒரு குற்றமும் இல்லை. பதிவிலை கை வைச்சது நான்” என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. பிளக்குகளை மேசையில் அடுக்கி ஒவ்வொன்றாகக் காட்டினேன். அந்தோனியார் சிலுவையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தபோதுதான் மண்டபம் இறுகியது. முன் வரிசைக் கதிரையிலிருந்து நீக்கிலாஸ் சம்மாட்டி எழும்பி, “அப்ப எங்கட செபந்தான் பிழையெண்டு சொல்லுறீரோ, பிள்ளை?” என்று கேட்டார். சத்தம்கூடப் போடவில்லை. மைக்கைக் கீழே இறக்கினேன். பதில் என்னிடம் இருந்தது. ஆனால் அதை என் வாயால் சொன்னால் அது வேறு மாதிரிக் கேட்கும் என்று அந்தக் கணத்தில் விளங்கியது.

அப்போது நீ பின் வரிசையிலிருந்து எழும்பினாய்.

“செபத்திலை பிழையில்லை, சம்மாட்டி. செபத்துக்கு முந்தி நீங்கள் திருப்புற திருகிலைதான் பிழை. அந்தோனியாரிட்டை பெற்றோலோடை போங்கோ. கும்பிட்டிட்டுத் திருப்புங்கோ.”

நீ சொன்னது இவ்வளவுதான். நான் முப்பத்தாறு பக்கத்தில் சொல்ல முடியாததை நீ நாலு வசனத்தில் சொன்னாய். யாரோ சிரித்தார்கள், பிறகு சம்மாட்டியும் சிரித்தார். நான் மைக்கில் பெயரைக் கெடுத்த ஒருத்தி அதே மண்டபத்தில் எனக்காக எழும்பினாள். இதை எப்படிச் சொன்னாலும் குறைவாகத்தான் இருக்கும். நன்றி.

நேர்முகத்துக்கு என்னை அழைக்கவில்லை. ஆய்வேட்டைக் கார்த்திகையில்தான் மறுபடி ஒப்படைக்க முடியும். பதவி வேறொருவருக்குப் போகும். கவலை இருக்கிறது, வருத்தம் இல்லை. இரண்டும் வேறு என்பதை இந்த வருடம் படித்தேன்.

ஒரு வேண்டுகோள். மூன்றாம் வருட மாணவர்களுக்கு என்ஜின் செய்முறை வகுப்பு ஆனியில் தொடங்குகிறது. வருகை தரும் போதனாசிரியராக உன்னை அழைக்கலாமா என்று பீடத்தில் கேட்டேன். பட்டம் இருக்கிறதா என்றார்கள். பட்டம் இருந்தவள் செய்ததைத்தான் பார்த்தீர்களே என்றேன். ஓம் என்றுவிட்டார்கள். வருவாயா?

ஜெஸ்லியா


முள்ளிப்பாடு
19.05.2025

அன்புள்ள ஜெஸ்லியா,

உன் வகுப்புக்கு வருவேன். ஆனால் முதல் வகுப்பு அங்கே இல்லை, இங்கே. உன் மாணவர்களைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வா. ஒவ்வொருவரும் ஒரு படகில் ஏறி, ஒரு கொப்பியும் பென்சிலுமாக, கரையிலிருந்து வலை போடும் இடம் வரை நிமிடத்துக்கு நிமிடம் என்ன நடக்கிறது என்று எழுத வேண்டும். கருவி எழுதுகிறதை அவர்களும் எழுதட்டும், பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். பெண் பிள்ளைகளும் ஏறுவார்கள். சங்கத்தில் கேட்டுவிட்டேன். நான் ஏறின அன்று றெக்சனுக்கு மூன்று பெட்டி சூடை மீன் பட்டது எல்லோருக்கும் தெரியும், அதனால் மறுக்க யாருக்கும் வாய் வரவில்லை.

வேலை போனதற்கு நான் ஆறுதல் சொல்லமாட்டேன். உன்னைப் போல ஒருத்தியை எடுக்காதது அவர்களுக்குத்தான் நட்டம். கார்த்திகையில் ஒப்படைக்கும் முன் அந்த ஆய்வேட்டை எனக்கு அனுப்பு. ஒவ்வொரு பக்கமும் வாசிப்பேன். என் வாசிப்புக்குத் தப்பினால் பரீட்சகர்களுக்கும் தப்பும்.

இங்கத்தைய கதையையும் கேள். கூட்டத்தில் வாக்கெடுப்பே நடக்கவில்லை. அதை அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்றார்கள். அடுத்த கூட்டம் வரை யாரும் காத்திருக்கவில்லை. இரண்டு கிழமையாக எல்லாப் படகும் அந்தோனியாரைக் கும்பிட்டுவிட்டுத்தான் திருகைத் திருப்புகின்றன. பெற்றோல் கூடச் செலவாகிறது என்று புறுபுறுக்கிறார்கள், ஆனால் பிளக் கறுக்கவில்லை என்பதை எல்லோரும் கண்டுவிட்டார்கள். இன்று காலை நீக்கிலாஸ் சம்மாட்டி தன் என்ஜினைத் தோளில் சுமந்துகொண்டு வந்து என் கொட்டில் வாசலில் இறக்கினார். வரிசையில் அவருக்கு முன்னால் ஆறு என்ஜின் இருக்கிறது, பின்னேரம் வாருங்கள் என்று மட்டும் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

ஒன்று சொல்ல வேண்டும், ஜெஸ்லியா. நீ அந்த மண்டபத்துக்கு வந்து எழும்பி நிற்காமல், தலைவருக்குத் தபாலில் ஒரு விளக்கம் அனுப்பிவிட்டு இருந்திருந்தாலும், பிளக் கறுக்காததைக் கண்டு இந்த ஏழு என்ஜினும் எப்படியாவது என்னிடம் வந்திருக்கும். இந்தக் கடிதம்தான் உன்னிடம் வந்திராது.

இமெல்டா